ஜீப்பில் வராதே

மேல்பாறை எஸ்டேட்,
எட்டாம் நம்பர் லயம்,
சித்திரபுரம் அஞ்சல்.
8-8-1976

அன்புள்ள தங்கச்சி பூமாரிக்கு,

அக்கா அழகுத்தாய் எழுதிக்கொள்வது. ‘யாவரும் சுகம்’ என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை அந்த வரியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

ஆடி மழை நின்றபாடில்லை. விறகு நனைந்து அடுப்பு புகைகிறது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தால் பாதி தண்ணீர்தான் என்று கங்காணி எடையில் கழித்துக்கொள்கிறார். மாரித்தாய், ‘சித்தி சேலை’ என்று சொல்லி உன் பழைய பச்சைச் சேலையைத் தாவணியாகக் கிழித்துக் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

உன் அத்தானைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வைகாசியிலிருந்து அவர் சரியாக இல்லை. பேக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் பெரிய காற்றாடிகள் ஓடுமே, அவை தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதாக முதலில் சொன்னார். “ஏட்டி, ஒனக்குக் கேக்கலியா? பெரியமுத்து, பெரியமுத்துன்னு நிறுத்தாம சொல்லுது” என்றார். எனக்குக் கேட்கவில்லை என்றேன். “நீயும் அவனுக கூடச் சேந்துட்டியா?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இப்போது காற்றாடி நின்ற பிறகும் கேட்கிறதாம். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று மாரித்தாயை முதலில் சாப்பிடச் சொல்கிறார். அவளும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுகிறாள். தூக்கம் அறவே இல்லை.

வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். சங்கு ஊதியதும் பக்கத்து வீட்டுப் பிச்சைமணி வாசலுக்கு வந்துவிடுவான். அவனுக்கும் அத்தானுக்கும் ஒரே ஷிப்ட். அவன் முன்னால், அத்தான் நடுவில், இன்னொருவன் பின்னால். அப்படித்தான் பேக்டரிக்கு நடக்கிறார்கள். உள்ளே போனதும் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து ஒரு மூலையில் விட்டுவிட்டு, அவருடைய வேலையை இவர்கள் பங்கு போட்டுச் செய்கிறார்கள். மேற்பார்வைக்கு டீமேக்கர் வந்தால் பிச்சைமணி பாட ஆரம்பிப்பான். எல்லோரும் உஷாராக அதுதான் அடையாளம். “அண்ணாச்சிய மட்டும் காத்தாடி பேர் சொல்லிக் கூப்புடுது. நம்மள ஏலேன்னுகூடக் கூப்புட மாட்டேங்கு” என்று அவன் சொன்னதற்கு உன் அத்தானே சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

ஆபீசுக்குத் தெரிந்தால் என்னவாகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயும் இந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான். பேர் கம்பெனியின் செக்ரோல் புத்தகத்தில் இருக்கிற வரைக்கும்தான் வீடு. நான் இன்னும் டெம்பரரிதான். வருகிற சித்திரையில் மாரித்தாய்க்குப் பதினெட்டு முடிகிறது. அன்றைக்கு அவர் ஆபீசுக்குப் போய்த் தன் கையால் எழுதிக் கொடுத்து, தன் பேரை எடுத்து மகள் பேரை ஏற்ற வேண்டும். எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தானே நடக்கிறது. அதுவரைக்கும் அவர் நல்ல மனுஷனாகத் தெரிந்தால் போதும்.

நீ மனநோய் பார்க்கிற ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறாய். தூக்கம் வரவும் அந்தச் சத்தம் அடங்கவும் மாத்திரை தபாலில் அனுப்பு. வந்து பார்க்கிறேன் என்றால் நீ மட்டும் பஸ்ஸில் வா. ஆஸ்பத்திரி ஜீப்பில் வராதே. மூணாறு முகாமுக்கு அந்த ஜீப் வந்தபோது கடைவீதியில் பார்த்தவர்கள் இங்கே நிறைய. சின்னப் பிள்ளைகூட அது என்ன வண்டி என்று சொல்லும்.

இன்லண்டில் இடம் முடிந்துவிட்டது. சுகம் என்ற வரிக்கு இடமில்லை.

உன் அக்கா,
அழகுத்தாய்


கொல்லங்கோடு,
17-8-1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டாக்டர் வேதமுத்துவிடம் ‘ஒரு நோயாளி’ என்று மட்டும் சொல்லி யோசனை கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரும்மா, வீட்டாளா?” என்றார். ஆமாம் என்றேன்.

அக்கா, லயத்தில் என்னை டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறாய். நான் டாக்டர் இல்லை. மனோதத்துவம் படித்தவள். நோயாளியோடு பேசுவேன், அவர் சொல்வதைக் கேட்பேன், எது நடந்தால் அதிகமாகிறது என்று பார்ப்பேன், வீட்டார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. ஆளைப் பார்க்காமல் அவரும் எழுதமாட்டார். இந்த மாத்திரைகளில் சில, கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கி இழுக்கும், நாக்கு தடித்துப் பேச்சு வராது. அப்போது மாற்று மருந்தோடு பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தபாலில் அனுப்ப முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் குழுவில் டாக்டர், நான், நர்ஸ் கத்தரீனாள், டிரைவர். யாராவது சைக்கிளிலோ பஸ்ஸிலோ ஆள் அனுப்பினால் கிளம்புகிறோம். ஒருவரைச் சங்கிலியில் கட்டுவதற்கு முன்னால், அல்லது அவர் தன்னையே ஏதாவது செய்துகொள்வதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பிறகு அவரை எங்கும் அடைக்காமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். நீயும் பிச்சைமணியும் செய்வதைத்தான் நாங்கள் வீடு வீடாகப் போய்ச் செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறோம். ஆளைத் தனியாக விடாதீர்கள், வேலையிலிருந்து பிரிக்காதீர்கள் என்று. உங்களிடம் மருந்து ஒன்றுதான் இல்லை.

இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கு இன்னும் பழகவில்லை. வைதாலும் ‘ங்க’ போட்டுத்தான் வைகிறார்கள். போன வாரம் ஒருவர் என்னை நிறுத்தி, “ஏனுங்க, நீங்க பைத்தியத்தைப் பாக்கறவீங்களா, இல்ல உங்களையே கூட்டிட்டுப் போறாங்களா?” என்று கேட்டார். கத்தரீனாள் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மீனாட்சிபுரத்தில் கமலாத்தாள் என்று ஓர் அம்மாள். பால்மாடு வைத்திருக்கும் குடும்பம். வாழ்வதில் ஒன்றுமில்லை என்று சாப்பாட்டை விட்டுவிட்டார். இரண்டு தடவை போய்ப் பேசினேன், கொஞ்சம் கஞ்சி குடித்தார். மூன்றாம் தடவை அவர் கணவர் குப்பண்ணன் எங்களை வழியிலேயே மறித்தார். “ஏனுங்க, வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க. உங்க வண்டி ஊட்டு முன்னால நின்னா அவிங்க அப்பிடியே திரும்பிப் போயிருவாங்க. நிச்சயம் முடியற வரைக்கும் பொறுத்துக்கங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சரி என்று திரும்பிவிட்டோம்.

அத்தானை இங்கே அழைத்து வர முடியுமா? உடுமலை வழியாகப் பொள்ளாச்சி வந்தால் அங்கே நான் காத்திருப்பேன். இன்னொன்று. சாவதைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா? நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

அன்புத் தங்கை,
பூமாரி


மேல்பாறை எஸ்டேட்,
5-9-1976

அன்புள்ள பூமாவுக்கு,

நீ சொன்னபடி கிளம்பிப் பார்த்தோம். பழனிக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி லீவு வாங்கினேன். சின்னாறு செக்போஸ்ட்டில் சோதனைக்காக எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் உன் அத்தான் காட்டுக்குள் ஓடிவிட்டார். பிச்சைமணியும் கூட வந்திருந்ததால் பிழைத்தோம். அவன் பின்னாலேயே ஓடி, ஒரு பாறை மேல் அவரோடு உட்கார்ந்து, வெகுநேரம் பேசிக் கூட்டி வந்தான். “என்னலே பேசுன?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல மதினி, ரெண்டு பேரும் டீமேக்கரத் திட்டுனோம்” என்றான். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம். இனி எந்த பஸ்ஸிலும் அவர் ஏறமாட்டார். லயம், பேக்டரி, அவ்வளவுதான் போகிறார்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மாரித்தாய் தண்ணீருக்குப் போயிருந்தபோது, “ஏங்க, செத்துப் போகணும்னு நெனைக்கியளா?” என்றேன். என்னை ஏதோ புதுசாகப் பார்ப்பது போலப் பார்த்தார். “நான் எதுக்குட்டி சாகணும்? கூப்புடுதவனுகதான் சாகணும்” என்றார். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. இதை எழுதினால் நீ என்னைப் பைத்தியம் என்பாய்.

டாக்டரிடம் சொல்லி ஒரே ஒரு தூக்க மாத்திரையாவது அனுப்பக் கூடாதா? இன்னும் சித்திரை வரைக்கும்தானே.

அழகுத்தாய்


கொல்லங்கோடு,
27-9-1976

அன்புள்ள அக்காவுக்கு,

மீனாட்சிபுரத்துக் கமலாத்தாள் இறந்துவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், வீட்டில் எல்லோரும் பால் சொசைட்டிக்கும் கடைக்கும் போயிருந்த நேரம் பார்த்து, தோட்டத்துக் கிணற்றில். ஆள் வந்து சொன்னதும் போனோம். எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். குப்பண்ணன் ஜீப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்து போனட்டில் அடித்தார். “இன்னைக்கு வந்து வாசல்ல நிக்கறீங்களே, அன்னைக்கு நான் வேண்டாம்னா நீங்க கேட்டுக்கறதா? நீங்க படிச்சவீங்கதானுங்களே!” என்றார். அப்போதும் ‘ங்க’ போட்டுத்தான் பேசினார்.

திரும்பி வரும்போது கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் டீ வாங்கிக் குடித்தோம்.

அக்கா, இனி ‘இன்றைக்கு வராதே’ என்று யார் சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை. அடுத்த மாதம் கடைசியில் மூணாறு முகாம். டாக்டரிடம் பேசிவிட்டேன். அத்தானைப் பார்க்க வருகிறோம். ஒரு தடவை போட்டால் மூன்று நான்கு வாரம் உடம்பில் நிற்கிற ஊசி இருக்கிறது. ஜீப்பைக் கீழே கோவில் வளைவிலேயே நிறுத்திவிட்டு ஏறி வருகிறோம். சொந்தக்காரர்கள் வந்ததாகச் சொல்லிக்கொள்.

பூமாரி


மேல்பாறை எஸ்டேட்,
8-10-1976

பூமா,

அந்த அம்மாளை நினைத்துத் தூங்க முடியவில்லை. நீயும் சாப்பிடாமல் கிடப்பாய். சாப்பிடு. ஆனால் அவர் வேறு, உன் அத்தான் வேறு. இங்கே நாங்கள் யாரும் பால் சொசைட்டிக்குப் போய்விடவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. திங்கட்கிழமை கொழுந்து உருட்டுகிற மிஷினுக்குள் கையை விடப் போனாராம். உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்களாம். பிச்சைமணி இழுத்ததில் முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. இதைச் சொன்னால் நீ கட்டாயம் வருவாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

வருவதானால் நடந்து வாருங்கள். மூன்று பேரும் ஒன்றாக வராதீர்கள். நர்ஸ் வெள்ளைச் சேலை கட்டி வர வேண்டாம். ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு வராதே. ஜீப் மட்டும் மேலே வரக் கூடாது. நீ சின்ன வயதில் என்ன கேட்டும் நான் இல்லை என்றதில்லை பூமா. நான் கேட்பது இது ஒன்றுதான்.

அக்கா


கொல்லங்கோடு,
3-11-1976

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் வந்த அன்றைக்கு நீ மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாய். நீ இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னோடு நீ பேசவில்லை. நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

மூணாற்றில் கூட்டம் அதிகமாகிவிட்டது. கிளம்பும்போதே மழை. டாக்டருக்கு இரண்டு கால்களிலும் வீக்கம். கோவில் வளைவு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். டாக்டர், “இங்கேயே எறங்கணுமாம்மா? நீ சொல்லு, நடந்துருவோம்” என்றார். நான் வெளியே பார்த்தேன். மழையில் மேட்டுப்பாதை ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிஷினும் அத்தானின் கையும் நினைவுக்கு வந்தன. மீனாட்சிபுரத்துக் கிணறு நினைவுக்கு வந்தது. “மேலேயே போகலாம் சார்” என்று சொன்னேன். டாக்டர் சொல்லவில்லை, டிரைவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

லயத்துத் திருப்பத்தில் ஏறும்போது சங்கு ஊதியது. பேக்டரிக் கூட்டம் முழுக்க ரோட்டில் வந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் அவர்கள் மூவரும். ஜீப்பைப் பார்த்ததும் பிச்சைமணி சத்தமாகப் பாட ஆரம்பித்தான். டீமேக்கர் வந்தால் பாடுவான் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத்தான் எனக்காகப் பாடினான். நிறுத்தவேயில்லை. நான் இறங்கி அருகில் போகும்வரை பாடிக்கொண்டே அத்தானை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். அத்தான்தான் என்னை அடையாளம் கண்டு, “வா பூமா, நனையாத” என்றார்.

ஊசி போட அவர் மறுக்கவில்லை. இரண்டு வாரத்தில் தெளிவு வரும் என்கிறார் டாக்டர். அடுத்தடுத்த ஊசிகளை எங்கள் ஆஸ்பத்திரியின் மூணாறுக் கிளையில் நர்ஸ் போடுவார்.

மறுநாளே எஸ்டேட் ஆபீசிலிருந்து கேட்டுவிட்டார்கள். என்ன நோய், வேலைக்குத் தகுதியா என்று எழுதித் தர வேண்டுமாம். ‘நோய் எதுவும் இல்லை’ என்று எழுதச் சொல்லி மாரித்தாய் மூணாறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் அப்படி எழுதமாட்டார். நோய் இருக்கிறது, மருந்து எடுத்துக்கொண்டால் வேலை செய்யலாம், வேலையிலிருந்து விலக்கினால் கெடுதல் அதிகம் என்று நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு வரியாவது எழுது.

பூமாரி


மேல்பாறை எஸ்டேட்,
19-12-1976

பூமாரிக்கு,

உன் ஊசி நன்றாக வேலை செய்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூங்குகிறார். மாரித்தாய் ருசி பார்க்காமலேயே சாப்பிடுகிறார். காற்றாடி இப்போது காற்றாடி மாதிரிதான் சத்தம் போடுகிறதாம்.

கம்பெனி டாக்டர் உன் காகிதத்தைப் படித்தார். நோய் இருக்கிறது என்ற இடத்தோடு அவருக்குப் போதுமாகிவிட்டது. மனநிலை சரியில்லாதவர், மிஷின் ஓடும் இடத்துக்கு ஆகாது என்று எழுதி, செக்ரோலில் பேரை வெட்டிவிட்டார்கள்.

சித்திரை வரைக்கும் பொறுங்கள், மகள் பேருக்கு எழுதித் தருகிறேன் என்று கேட்க அவரே போனார். வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி, மாரித்தாயையும் கூட்டிக்கொண்டு. நானும் போனேன். புத்தி சரியில்லை என்று எழுதப்பட்ட ஆளின் கையெழுத்து செல்லாதாம். அவர் பதறாமல், “ஐயா, எனக்கு நோவு வந்தது நெசம். இப்ப ஒங்க முன்னால நின்னு சரியாத்தான பேசுதேன்? இந்தக் கைக்கு என்ன கொறச்சல்?” என்று கேட்டார். அந்தக் கிளார்க் கெட்டவன் இல்லை. “நீ சரியாத்தான் பேசுத பெரியமுத்து. காயிதம் அப்பிடிச் சொல்லலியே” என்றான்.

அவருடைய வேலையைச் செய்து மறைத்தான் என்று பிச்சைமணியை பேக்டரியிலிருந்து எடுத்து உரம் போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அவன் எங்கள் வாசலுக்கு வருவதில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முன்பெல்லாம் அவர் காற்றாடியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இப்போது யாரோடும் சண்டை இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “என்னாலதான வீடு போச்சு” என்கிறார். வேறு பேச்சு இல்லை.

நீ பொய் எழுதவில்லை. நல்லதற்குத்தான் வந்தாய். அதையெல்லாம் நான் மாரித்தாயிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் கோவில் வளைவில் நீ இறங்கியிருக்கலாம். இனி எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்தக் காகிதம்தான் ஞாபகம் வருகிறது.

அழகுத்தாய்


கொல்லங்கோடு,
28-12-1976

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

‘என்னாலதான வீடு போச்சு’ என்று அத்தான் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காற்றாடி கூப்பிட்டதைவிட இது மோசம். அவரைத் தனியாக விடாதே. கயிறு, மருந்தடிக்கிற டப்பா எதுவும் கைக்கு எட்டக் கூடாது. ஊசியை நிறுத்தாதே. நிறுத்தினால் சத்தம் திரும்ப வரும். அப்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும். என்மேல் உள்ள கோபத்தை என்மேலேயே வைத்துக்கொள். அதை ஊசியில் காட்டாதே.

எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் காபி கொடுத்து உட்காரவைத்து, நான் கோடு போட்ட வரியை எனக்கே படித்துக் காட்டினார். ‘இது உங்கள் யோசனை, நாங்கள் கேட்டது நோய் உண்டா இல்லையா என்றுதான்’ என்றார். வெளியே வந்து லயம் வரை நடந்தேன். உன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டுவதுதான் என் வேலை.

இங்கே எனக்குத் தந்திருக்கும் குவார்ட்டர்சில் இரண்டு அறை இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொள்கிறேன். நீங்கள் மூவரும் வந்துவிடுங்கள். என்னோடு பேச வேண்டியதில்லை.

பூமாரி


கொல்லங்கோடு,
20-3-1977

அன்புள்ள அக்காவுக்கு,

மாசியில் நான் எழுதிய கடிதம், ‘ஆள் இல்லை’ என்று எழுதித் திரும்பி வந்துவிட்டது. இதைப் பிச்சைமணி பார்வைக்கு அனுப்புகிறேன். நீங்கள் எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால், இதை உன்னிடம் சேர்த்தால் மட்டும் போதும் என்று அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மூணாறுக் கிளையில் கேட்டேன். மார்கழிக்குப் பிறகு அத்தான் ஊசிக்கு வரவில்லை. இதற்குள் மருந்து உடம்பை விட்டுப் போயிருக்கும்.

வேலை நடக்கிறது. கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போகிறோம். எந்த வீட்டுக்குள் குனிந்து நுழைந்தாலும், மூலையில் உட்கார்ந்திருப்பது அத்தானோ என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். கத்தரீனாள் இப்போது என்னை முந்திக்கொண்டு உள்ளே போய், ‘இல்லக்கா, வேற ஆளு’ என்று சொல்லப் பழகிவிட்டாள்.

நீ எங்கே இருந்தாலும், பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரி இருந்தாலும், இதோடு வைத்திருக்கும் சீட்டைக் காட்டு. ஊசியின் பேர் அதில் இருக்கிறது. என் பேர் அதில் இல்லை.

பூமாரி


கோவிந்தாபுரம்,
21-4-1977, வியாழன்

பூமா,

இதைக் கொல்லங்கோடு போகிற பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி உன் கையிலேயே கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

தை மாதத்திலிருந்து நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். அத்தானுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பழனிச்சாமி இங்கே மாந்தோப்புக் காவல். உன் பக்கத்தில் வர வேண்டும் என்று வரவில்லை. வேறு போக்கிடம் இல்லை. உன் ஜீப் இந்த ரோட்டில் போவதைப் பல தடவை பார்த்துவிட்டேன். ஒரு தடவை நீ முன்சீட்டில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டு போனாய். மாரித்தாய் “சித்தி” என்று கையைத் தூக்கினாள். நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். பிச்சைமணிக்கு அனுப்பிய கடிதமும் வந்தது. சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சீட்டைக் காட்டினால் அங்கேயும் ஏதாவது எழுதுவார்கள் என்று பயந்தேன்.

நீ சொன்னபடியே ஆயிற்று. மாசியில் சத்தம் திரும்ப வந்துவிட்டது. இங்கே காற்றாடி இல்லை, மாமரம் கூப்பிடுகிறதாம். வீடு போன துக்கமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டன.

விடிந்ததிலிருந்து தோப்புக் கிணற்றின் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறார். கால் இரண்டும் உள்பக்கம். மாரித்தாய் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவர் இடுப்புத் துண்டைத் தன் கையில் சுற்றிப் பிடித்திருக்கிறாள். அந்தப் பக்கம் பழனிச்சாமி நிற்கிறார். இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் இன்னும் முன்னால் நகர்கிறார். அதனால் தொடவில்லை. ஆளைத் தனியாக விடாதே என்று எழுதினாய். விடவில்லை பூமா. இது வரைக்கும் விடவில்லை.

இறங்கி வாருங்கள், வீட்டுக்குப் போவோம் என்றேன். “பிச்சைமணி எங்க? முன்னால யாரு நடக்கா?” என்று கேட்கிறார். நான் நடக்கிறேன் என்றேன். “நீ பின்னால. முன்னால ஒராளு வேணும். ஆளு வந்ததும் எறங்குதேன்” என்கிறார். பழனிச்சாமி நடப்பார் என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். உன் பேரைச் சொன்னேன். அதற்கு மட்டும் தலையை ஆட்டவில்லை.

நீ வா. டாக்டரையும் கூட்டிக்கொண்டு ஜீப்பிலேயே வா. இங்கே மறைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. தோப்புக்குத் திரும்புகிற வழி உன் டிரைவருக்குத் தெரியாது. மாரித்தாயின் தாவணியை, உன் பழைய பச்சைச் சேலைதான், ரோட்டோரத்துக் கேட்டில் கட்டி வைக்கிறேன். அங்கே நிறுத்தி இறங்கிவிடாதே. கேட் திறந்திருக்கும். கிணறு வரைக்கும் உள்ளே வா.

அக்கா